தங்கச்சாமியின் நான்கு கம்பிகள்

சிவகாசி,
7-12-1969, ஞாயிறு, பிற்பகல் மூன்று மணி.

அன்பு மகளே,

நீ எழுதிய கடிதம் டிசம்பர் 2ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலைத் தபாலில் என் கைக்கு வந்தது. தலைப்பில் நவம்பர் 27 என்று போட்டிருக்கிறாய். உள்ளே ‘இன்று வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடம் விட்டு வந்து எழுதுகிறேன்’ என்கிறாய். வெள்ளிக்கிழமை 28ஆம் தேதி. நாற்பது ஆண்டுகளாகக் காலண்டர் அச்சகத்தில் தேதிப் பிழை பார்த்துச் சம்பளம் வாங்குகிறவனுடைய மகள் இதில் தவறக் கூடாது என்று சிவப்பு மையால் திருத்திவிட்டு, கடிதத்தை மடித்து வைத்தேன். மாலையில் அதை இரண்டாம் முறை படித்தபோது அந்தச் சிவப்பு மை எனக்கே வெட்கமாக இருந்தது. ஏன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பதில் ஐந்து நாள் தாமதமானதற்கும் அதுவே காரணம்.

உன் கல்யாணத்துக்கு இன்னும் நாற்பத்தைந்து நாள் இருக்கிறது. ஜனவரி 21, புதன்கிழமை. கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை ஜனவரி 4ஆம் தேதி ஞாயிறு ஆராதனையில் வாசிக்கப்படும். உன் அம்மா பந்தலுக்கும் பலகாரத்துக்கும் ஆள் சொல்லிவிட்டாள். நீ கடிதத்தில் கேட்டிருந்தவை மூன்று. அழைப்பிதழில் மாப்பிள்ளையின் படிப்பைப் போட வேண்டாம் என்றாய், எடுத்துவிட்டேன். சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு விருதுநகர் ரயில் நிலையத்திலிருந்து வண்டி வேண்டும் என்றாய், சொல்லிவிட்டேன். மூன்றாவதாக, ஆலயத்தில் தங்கச்சாமி பேஸ் கிட்டார் வாசிக்கக் கூடாது, மாப்பிள்ளையின் தாய்மாமா ஆர்மோனியம் வாசிப்பார், அது போதும், ‘அன்று என்னை நடுவில் கைவிட்டவர் வாசிப்பை நம்பி நான் ஆலயத்துக்குள் நடந்து வர மாட்டேன்’ என்று எழுதியிருக்கிறாய். பாடகர் குழுவின் தலைவன் என்ற முறையில் அதை அவனிடம் நானே சொல்லிவிட வேண்டும் என்றும் கேட்டிருக்கிறாய். அந்த மூன்றாவதைத்தான் என்னால் செய்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. உன் நாள், உன் விருப்பம். ஆனால் நீ ஒரு பிழையான தகவலை வைத்துக்கொண்டு தீர்மானம் செய்திருக்கிறாய். அந்தப் பிழையை அச்சில் ஏற்றியவன் நான்.

எதையும் வரிசையாகச் சொல்லாவிட்டால் எனக்கு நிம்மதி இராது என்பது உனக்குத் தெரியும். முதலில் தங்கச்சாமியின் வாசிப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீயும் நானும் ஆண்டுக்கணக்காக அதைக் கேட்டிருக்கிறோம். அது எங்கிருந்து வந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அவன் 1953இல் நம் பாடகர் குழுவுக்கு வந்தபோது அவனுக்கு இருபத்தோரு வயது; உனக்கு எட்டு. எங்கள் அச்சகத்தில் லித்தோ மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தான். அடித்தொண்டைக் குரல் என்பதால் ஆண்களின் கடைசி வரிசையில் நிறுத்தினேன். அச்சகத்தில் அவனுக்குக் கொடுத்திருந்த நிறம் மஞ்சள். காலண்டர் படமோ, பட்டாசு லேபிளோ, எதுவானாலும் முதலில் தாளில் ஏறுவது மஞ்சள்தான். அதன் மேல் சிவப்பு, பிறகு நீலம், கடைசியில் கறுப்பு. மஞ்சள் மட்டும் ஓடிய தாளை எடுத்துப் பார்த்தால் ஒன்றுமே அச்சாகாதது போலிருக்கும். ஆனால் மஞ்சள் ஒரு நூல் விலகினால் பின்னால் வருகிற மூன்று நிறமும் விலகும். இலை பச்சையாக இராது, முகம் முகமாக இராது. தேதிக் கட்டங்களைப் பார்ப்பதற்காக நான் அடிக்கடி மெஷின் அறைக்குப் போவேன். ஒரு முறை அவன் வெறும் மஞ்சள் தாள் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தபடி நிற்பதைக் கண்டு, இதில் என்னடா இருக்கிறது என்று கேட்டேன். “இதுக்குள்ள எல்லாம் இருக்கு அண்ணாச்சி. ஆளுகளுக்குத்தான் தெரியாது” என்றான். அப்போது அதை ஒரு தொழிலாளியின் பெருமையாக மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அவனுடைய அம்மாவுக்கு நாரணாபுரம். கல்யாணத்துக்குப் பிறகு ஞானஸ்நானம் பெற்றவர். அந்த அம்மாளின் அண்ணன், அதாவது தங்கச்சாமியின் தாய்மாமன், கோயில் கொடைத் திருவிழாக்களில் வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடிக்கிறவர். வில்லுக்காரர் பாடுவார், கதை சொல்வார், கூட்டத்தைச் சிரிக்க வைப்பார்; குடக்காரரை யாரும் பார்க்க மாட்டார்கள். அவர் குடத்தின் வாயில் மட்டையால் தட்டி ‘கும்’ என்று ஒரு சத்தத்தை எழுப்பி, அடுத்த ‘கும்’ வரும் வரை சும்மா இருப்பார். தங்கச்சாமி சிறு வயதில் அவரோடு உட்கார்ந்து கேட்டவன். அந்த நாட்களில் இதை அவன் நம் ஆலயத்தில் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் என்னைப் போன்றவர்கள் முகத்தைச் சுளித்திருப்போம். பின்னால் அதுதான் நடந்தது.

1957இல் அவன் கொழும்புக்குப் போனான். அங்கே ஓர் அச்சகத்தில் அதே லித்தோ வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் துறைமுகத்துக்கு அருகில் ஒரு சிறிய ஆலயம். அதில் ஹோட்டல் வாத்தியக் குழுவைச் சேர்ந்த ஒருவர் பேஸ் கிட்டார் வாசித்திருக்கிறார். அவர் வீட்டில் கப்பல்காரர்கள் விட்டுப்போன இசைத்தட்டுகள் இருந்தனவாம். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் தங்கள் ஆலயங்களில் பாடுகிற பாட்டுகள். நான்கு ஆண்கள் பாட, நான்காமவர் மட்டும் அடிக்குரலில் வார்த்தையே இல்லாமல், ஒருவர் வீதியில் நடந்து வருவதைப் போல ஒவ்வொரு அடியாக வைத்து வருவாராம். மொழி ஒன்றும் புரியாமலேயே அந்த நான்காமவரைத் தொடர்ந்து கேட்டதாகத் தங்கச்சாமி என்னிடம் சொல்லியிருக்கிறான். “மாமா கொடம் அடிக்கது மாதிரியே இருந்துச்சு அண்ணாச்சி. எம்புட்டுத் தூரத்துல இருக்காக, ஆனா ஒரே ஆளு அடிச்ச மாதிரி” என்றான். அமெரிக்க ஆலயத்தையும் நாரணாபுரத்துக் கொடையையும் ஒரே மூச்சில் சொல்கிறானே என்று அன்று எனக்குக் கோபம்தான் வந்தது.

அவன் திரும்பி வந்தது 1963 மார்ச் 14, வியாழக்கிழமை. எனக்கு அன்று விருதுநகரில் வேலை. மை டப்பாக்கள் ரயிலில் வந்திருந்தன, எடுக்கப் போயிருந்தேன். வண்டியிலிருந்து தங்கச்சாமி இறங்கினான். கூடவே, போர்வை சுற்றிய ஒரு நீளப் பெட்டி. போர்ட்டர் அதைத் தொட மறுத்து, “அண்ணாச்சி, இது யாரு? ஒங்களுக்கு என்ன வேணும்?” என்று துக்கம் விசாரித்தார். தங்கச்சாமி முகத்தைச் சுருக்கிக்கொண்டு, “இன்னும் உசுரு இருக்கு, மெதுவாத் தூக்குங்க” என்றான். பிளாட்பாரத்திலேயே பெட்டியைத் திறந்து காட்டினான். நான்கே கம்பி. வீணைக்கு ஏழு, வயலினுக்கு நான்கு என்று தெரியும். இவ்வளவு நீளமான பலகைக்கு நான்கு கம்பிதானா என்று கேட்டேன். “இதுவே சாஸ்தி” என்றான். அடுத்த ஒரு மாதம் விருதுநகர் மைக் செட்டுக்காரர் ஒருவரோடு உட்கார்ந்து, பழைய ரேடியோவின் உள்பாகங்களையும் பெரிய ஒலிபெருக்கி ஒன்றையும் தேக்குப் பெட்டிக்குள் பொருத்தினான். ஏப்ரல் 14, உயிர்த்தெழுதல் பண்டிகையன்று, நம் ஆலயத்தில் முதல் முறையாக அந்தச் சத்தம் கேட்டது. காதுக்கு முன்னால் நாம் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு அது தெரிந்தது.

இனி அவன் வாசிக்கும் முறை. நான் நன்றாக வாசிக்கத் தெரியாதவன். ஆனால் கவனமாகக் கேட்கத் தெரிந்தவன் என்று இறுமாந்திருந்தவன். எனவே குறையாகத்தான் முதலில் கவனித்தேன். ஒன்று, அவன் மிகக் குறைவாக வாசித்தான். எட்டுச் சுரத்துக்கு இடமிருக்கும் அடியில் இரண்டு வைப்பான். இரண்டாவதைச் சில வேளை வைக்கவும் மாட்டான். உள்ளங்கையால் கம்பியை மூடி, அந்த இடத்தை அப்படியே விட்டுவிடுவான். இன்னொன்று, ஒரு சுரத்துக்கு நேராகப் போக மாட்டான். கீழேயிருந்து விரலை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்வான், மெஷினில் உருளை தாளின் மேல் ஏறுவதைப் போல. ஆனால் என்னால் பொறுக்க முடியாதது மூன்றாவது. அவன் பிந்தி வந்தான். என் கை இறங்கிய பிறகு, ஒரு மயிரிழை கழித்து அவன் கம்பி பேசும். 1940 முதல் நான் கை அசைத்துப் பாட்டு நடத்துகிறேன். என் கைக்குப் பிந்தி ஒருவன் வருவது, ஞாயிற்றுக்கிழமையின் சிவப்பு எண் திங்கட்கிழமைக் கட்டத்தில் விழுவதற்குச் சமம்.

ஒரு சனிக்கிழமைப் பயிற்சிக்கு நான் என்னுடைய தாளம் தட்டும் மெட்ரோனோமைக் கொண்டுவந்தது உனக்கு நினைவிருக்கும். நீ விடுமுறைக்கு வந்திருந்தாய். முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்தாய். அவன் முன்னால் அந்தக் கருவியை வைத்து, இதோடு வாசி பார்க்கலாம் என்றேன். ஒரு பாட்டு முழுவதையும் அதன் டக் டக்கோடு இம்மியும் விலகாமல் வாசித்துக் காட்டினான். முடியாதவன் அல்ல என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. முடித்துவிட்டுக் கருவியை அன்போடு பார்த்து, “சரியாத்தான் சொல்லுது அண்ணாச்சி. ஆனா இதுக்கு மூச்சு வாங்காதுல்லா” என்றான். குழுவே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. “நம்ம பொம்பளையாளுகளுக்கு வாங்கும். ஆறு நாளு மருந்துத் தூசிக்குள்ள இருந்துட்டு ஏழாம் நாளு பாட வாராக. வரி முடிஞ்சதும் ஒரு இழு இழுத்துத்தான் அடுத்த வரிக்கு வருவாக. அவுக வார வரைக்கும் நான் நிக்கேன், அம்புட்டுத்தான்” என்றான். எனக்கு ஆத்திரம். இருபத்து மூன்று ஆண்டுகளாக அந்த இழுவையோடு நான் போராடிக்கொண்டிருந்தேன். சபை பிந்துகிறது, சபை இழுக்கிறது என்று ஒவ்வொரு ஞாயிறும் மேசையைத் தட்டுவேன். பட்டாசுக் கம்பெனியில் வேலை செய்யும் பெண்கள் எங்கே மூச்சு விடுகிறார்கள் என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை. அவன் குடத்தடியிலிருந்து காத்திருக்கக் கற்றான். மஞ்சளிடமிருந்து கண்ணில் படாமல் இருக்கக் கற்றான். கடல் கடந்த யாரோ ஒரு நான்காமவரிடமிருந்து நடக்கக் கற்றான். ஆனால் எங்கே நிற்பது என்பதை நம் ஆலயத்தின் இடப்பக்கத்துப் பெஞ்சுகளிலிருந்துதான் கற்றான். அந்த முடிவுக்கு நான் வந்து சேர இத்தனை ஆண்டுகள் ஆயின.

இப்போது 1966 நவம்பர் 27, ஞாயிறு. அறுப்பின் பண்டிகை. தீபாவளி சீசன் முடிந்து ஊர் ஓய்ந்திருந்த நேரம். ஆலயத்தில் நிற்க இடமில்லை. பீடத்துக்கு முன்னால் வாழைத்தாரும் பூசணியும் மிளகாய் மூட்டையுமாகக் காணிக்கைகள் குவிந்திருந்தன. வெளியே அசனத்துக்கு அடுப்பு மூட்டி, சபையார் எல்லாருக்கும் சோறு வெந்துகொண்டிருந்தது. சிறப்பு விருந்தினராக வெளியூரிலிருந்து பெரிய பாடகர் குழு நடத்தும் ஒருவர் வந்திருந்தார். அவரை எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். மூன்றாம் பாட்டில் இரண்டாம் சரணத்தை நீ தனியாகப் பாட வேண்டும். அந்தச் சரணத்துக்கு ஆர்மோனியம் வேண்டாம், உன் குரலும் பேஸ் கிட்டாரும் மட்டும் போதும் என்று நீயும் தங்கச்சாமியும் பயிற்சியில் பேசி வைத்திருந்தீர்கள். என்னிடம் முந்தின நாள்தான் சொன்னீர்கள். சரி என்றேன். மனதுக்குள் சரி இல்லை.

முதல் சரணத்திலேயே சபை அசையத் தொடங்கிவிட்டது. இழுவை இருந்தது, ஆனால் எல்லாரும் ஒன்றாக இழுத்தார்கள். விருந்தினர் என் பக்கம் சாய்ந்து, என்னய்யா, கோயில் கொடைக்கு வந்த மாதிரி இருக்கிறதே என்றார். மூன்றாண்டாக என் மனதை அமைதிப்படுத்திக்கொள்ள அதைத்தான் காரணமாகச் சொல்லிவந்தேன். அது காரணமல்ல, மகளே. அவர் சொல்வதற்கு முன்பே நான் வேறொன்றைப் பார்த்துவிட்டேன். என் கை மேலே போய்க் கீழே வந்துகொண்டிருந்தது. ஒருவர்கூட அதைப் பார்க்கவில்லை. ஆலயம் முழுவதும் அந்த நான்கு கம்பிகளைக் கேட்டுக்கொண்டிருந்தது. நீ எழுந்து நின்றாய். உன் கண்ணும் என் கையில் இல்லை. அவன் விரலில் இருந்தது.

தேக்குப் பெட்டிக்கு மின்சாரம் வரும் சுவிட்சு, என் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் இருந்தது. நீ இரண்டு வரி பாடி முடித்து மூன்றாம் வரிக்கு மூச்செடுத்தபோது, என் வலது கை பின்னால் போய் அதை அணைத்தது. நான் அணைத்தேன் என்று எழுத வேண்டும். கையின் மேல் பழி போடக் கூடாது.

பெட்டி அடங்கியது. நீ அடியில்லாமல் நின்றாய். இரண்டு வரி தனியாகப் பாடினாய். பாடப்பாடச் சுருதி மேலே ஏறியது. பயந்துபோய் நான் உடனே சுவிட்சைத் திரும்பப் போட்டேன், ஆனால் அந்தப் பழைய வால்வுகள் சூடேற வேண்டுமே. பல்லவிக்கு ஆர்மோனியம் நுழைந்தபோது அது ஓரிடத்தில் இருந்தது, நீ வேறிடத்தில் இருந்தாய், சபை இரண்டாகப் பிரிந்து இரண்டு பக்கமும் போயிற்று. நீ பாடுவதை நிறுத்தி உட்கார்ந்துவிட்டாய். அதற்குப் பிறகுதான் பெட்டிக்கு உயிர் வந்து ‘கும்’ என்று ஒரு சத்தம், எந்த அடியிலும் சேராமல், ஆலயத்தை அதிர வைத்தது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீ அந்தச் சிரிப்பைத்தான் இன்றுவரை வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. பெட்டி அடங்கிய நேரத்திலும் தங்கச்சாமி கையை எடுக்கவில்லை. மின்சாரமில்லாத அந்தக் கம்பிகளின் ஓசை இரண்டு முழத்துக்கு மேல் கேட்காது. அந்த இரண்டு முழத்துக்குள் இருந்தவன் நான் ஒருவன்தான். நீ முகத்தைத் திருப்பிக்கொண்ட பிறகும் அவன் உன்னைப் பார்த்தபடியே, நீ பிடிக்க வேண்டிய சுரத்தை, நீ மூச்செடுக்கும் இடத்தில் நின்று, வழக்கம்போல ஒரு மயிரிழை பிந்தி, ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வந்தான். ஒன்றுகூடத் தவறவில்லை. அவனை நான் உண்மையாகக் கேட்டது அன்றுதான். எனக்கு மட்டும் கேட்கும்படி நானே செய்துகொண்ட பிறகு.

ஆராதனை முடிந்ததும் போதகர் என்ன நடந்தது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தங்கச்சாமி, “என் காலு வயர்ல பட்டுட்டு ஐயா” என்றான். டிசம்பர் 3ஆம் தேதி சனிக்கிழமை சபைக் கமிட்டி கூடியது. அஜாக்கிரதையால் பண்டிகை ஆராதனைக்குக் குந்தகம் விளைவித்ததற்காக கமிட்டி மறுபடி சொல்லும் வரை அவன் வாசிக்கக் கூடாது என்று தீர்மானம். தீர்மானத்தை எழுதியவன் செயலாளனாகிய நான். தேதி, கிழமை, நேரம் எல்லாம் சரியாக எழுதினேன். நடந்தது மட்டும் பொய். நான்கு மாதம் அவன் கடைசி வரிசையில் நின்று தொண்டையால் பாடினான். 1967 மார்ச் 26ஆம் தேதி அவன் திரும்ப வாசித்ததற்குக் காரணம் கமிட்டியின் இரக்கமல்ல. இடப்பக்கத்துப் பெஞ்சுப் பெண்கள் போதகரிடம் போய், அந்தச் சத்தம் இல்லாமல் பாட்டில் கால் ஊன்ற முடியவில்லை என்று முறையிட்டார்கள். அதற்குள் நீ சென்னைக்கு ஆசிரியை வேலைக்குப் போய்விட்டாய். தனியாக நீ அதன் பிறகு ஓர் ஆலயத்திலும் பாடவில்லை.

உன் அம்மாவுக்கு அன்றே தெரியும். பெண்கள் பக்கம் நான்காவது பெஞ்சிலிருந்து பார்த்திருக்கிறாள். அசனச் சாப்பாடு முடிந்து வீட்டுக்கு வந்ததும், சேலை மாற்றாமலே என் எதிரில் உட்கார்ந்து, “சுவிட்ச நீங்கதான அமத்துனீக?” என்றாள். நான் அன்றைய செய்தித்தாளைத் தேடினேன். “காலண்டர்ல ஒரு தேதி விட்டுப்போச்சுன்னா அத்தன தாளையும் திரும்ப அடிக்கச் சொல்லுவீக. பிள்ள வாழ்க்கையில விட்டுப்போனா பரவாயில்லையா?” என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவள் கத்தவில்லை. ஆண்டுக்கு ஒரு முறை, அறுப்பின் பண்டிகையன்று மட்டும், சோறு போடும்போது என் முகத்தைப் பார்ப்பாள். இந்த ஆண்டும் பார்த்தாள்.

உன் கடிதம் வந்த மறுநாள், டிசம்பர் 3, புதன்கிழமை, சாப்பாட்டு வேளையில் மெஷின் அறைக்குப் போனேன். மெஷின்கள் நின்றிருந்தன. தங்கச்சாமி மண்ணெண்ணெய்த் துணியால் விரல்களில் இருந்த மஞ்சளைத் துடைத்துக்கொண்டிருந்தான். உன் கல்யாணத்தில் அவன் வாசிக்க வேண்டாம் என்று நீ எழுதியிருப்பதைச் சொன்னேன். “அது நாளு, அது இஷ்டம் அண்ணாச்சி. நான் பின்னால நின்னு பாடிக்கிடுதேன்” என்றான். சொல்லிவிட்டுத் துடைப்பதைத் தொடர்ந்தான். நான் நின்றுகொண்டே இருந்தேன். அந்தச் சுவிட்சு, என்று தொடங்கினேன்.

“தெரியும் அண்ணாச்சி. பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்.”

“ஏம்லே அன்னைக்கே சொல்லல?”

அவன் சிரித்தான். “ஊருக்குக் காலண்டர் பாக்க மனுசன் தப்புப் பண்ணிட்டாருன்னு பண்டிகையன்னைக்குச் சொல்லச் சொல்லுதீகளா? பெறகு நாளைக்கு ஞாயித்துக்கெழமன்னு நீங்க சொன்னா ஒருத்தனும் கோயிலுக்கு வர மாட்டான்.” துணியை மடித்து வைத்த பிறகு அவன் குரல் மாறிற்று. “மெஷின்காரன் வயர மிதிச்சான்னா மிதிச்சான், அதுல ஒண்ணும் போகல. ஒங்களச் சொன்னா குழு கலைஞ்சிரும். ஆனா ஒண்ணு. பாப்பா அன்னையிலருந்து தனியாப் பாடல. தன் தொண்டயிலதான் கொறன்னு நெனச்சிக்கிட்டு இருக்கும். அது சரியாத்தான் பாடுச்சு. அத மட்டும் எழுதிருங்க.”

நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவனுக்கு அது கூச்சமாக இருந்தது; சாப்பிட்டீகளா என்று பேச்சை மாற்றினான். நேற்று, டிசம்பர் 6, சபைக் கமிட்டி கூடியது. 1966 டிசம்பர் 3ஆம் தேதித் தீர்மானத்தில் பிழை இருக்கிறது என்று எழுந்து சொன்னேன். என்ன பிழை, தேதியா என்று கேட்டார்கள். இல்லை, ஆள் என்றேன். முழுவதையும் சொல்லி, என் கையாலேயே திருத்தத்தை எழுதிக் கையெழுத்திட்டேன். போதகர் அதை வாங்கிப் படித்தார். பிறகு, குழுத் தலைவர் பொறுப்பில் நான் தொடர்வதைப் பற்றி அடுத்த மாதம் பேசலாம் என்றார். சரிதான். இந்த ஐந்து நாள் தாமதம் அந்தக் கூட்டத்துக்காகத்தான். அவர்களுக்குச் சொல்லாமல் உனக்கு மட்டும் சொன்னால், இன்னொரு முறை இரண்டு முழத்துக்குள் மட்டும் கேட்கும்படி ஆகிவிடும்.

நீ ஒரு குடும்பத்துக்குள் போகப்போகிறாய். புத்தி சொல்லும் தகுதியை இந்தக் கடிதத்தின் நடுப்பகுதியிலேயே நான் இழந்துவிட்டேன். ஆனாலும் தகப்பன், சும்மா இருக்க மாட்டேன். உன் வீட்டில் நீயோ அவரோ யாராவது ஒருவர் ஒவ்வொரு நாளும் மற்றவரின் அடியில் மஞ்சளாக ஓடிக்கொண்டிருப்பீர்கள். எப்போதும் ஒருவரே ஓட வேண்டியதில்லை. மாறி மாறி ஓடுங்கள். ஆனால் இன்று யார் ஓடுகிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். உன் கையை யாரும் பார்க்காத நாளும் வரும். அன்று கை பின்னால் போகாமல் பார்த்துக்கொள். அவர் உனக்குப் பிந்தி வந்தால், பிந்துகிறார் என்று மேசையைத் தட்டாதே. யாருக்காக நிற்கிறார் என்று கேள். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

இத்துடன் கல்யாண ஆராதனைத் தாளின் புரூஃப் இருக்கிறது. தேதியும் நேரமும் நான்கு முறை பார்த்துவிட்டேன். அதில் நீ கை வைக்க வேண்டாம். ‘இசை’ என்ற தலைப்பின் கீழ், மாப்பிள்ளையின் மாமா பெயருக்கு அடுத்த வரியைக் காலியாக விட்டிருக்கிறேன். காலியாகவே இருக்கட்டும் என்றால் அப்படியே திருப்பி அனுப்பு. நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன், அவனும் கேட்க மாட்டான். டிசம்பர் 20ஆம் தேதி சனிக்கிழமை எழுத்து மெஷினுக்குப் போகிறது. அதற்கு முன் வந்து சேர வேண்டும். தாளின் ஓரம் வெறுமையாக இருப்பதாக உனக்குத் தோன்றும். வெறுமை இல்லை. பூ வேலைக்கு மஞ்சள் வெள்ளிக்கிழமையே ஓடிவிட்டது, ஓட்டியவன் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்.

அந்த வரியில் அவன் பெயரை நீ எழுதினால் எனக்கு ஒரு வேலை கூடும். நீ வாசலில் வந்து நின்றதும் உன் கையைப் பிடித்து நடத்தி வர வேண்டியவன் நான்தான். ஆனால் அதற்கு முன்னால், வால்வுகள் சூடேறுவதற்கு நேரம் கொடுத்து, பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, என் பழைய நாற்காலிக்குப் பின்னால் போய் அந்தச் சுவிட்சை என் கையாலேயே போட்டுவிட்டு வருவேன். கொஞ்சம் பிந்தினால், நீ வாசலில் எனக்காக நில்.

உன் அப்பா.